1 நோட்ரம்ப் – 3 நோட்ரம்ப்: இந்தக் கையில் முதல் லீட் எது?

மேற்குக்கை எழுதியது:

பிரிட்ஜ் டீம் மேட்ச், இரண்டு தரப்பும் வல்னரபிள் (ஜெயித்தால் பரிசும் கவிழ்ந்தால் தண்டனையும் கூடுதல்). தெற்கு 1 நோட்ரம்ப் (துருப்பில்லா ஏலம்; 15–17 பாயிண்ட், ஏ 4, கே 3, கியூ 2, ஜே 1), வடக்கு நேராக 3 நோட்ரம்ப், அதாவது ஒன்பது பிடி. நடுவில் ஸ்டேமன் (நாலு சீட்டு மேஜர், அதாவது இஸ்பேடோ ஹார்ட்டோ, உண்டா என்று கேட்கும் 2♣) இல்லை, டிரான்ஸ்ஃபர் (அஞ்சு சீட்டு மேஜரைக் காட்டும் பிட்) இல்லை. மற்ற எல்லாரும் பாஸ். லீட் (முதலில் இறக்கும் சீட்டு) மேற்குடையது, பார்ட்னர் கிழக்கு.

♠ 10 9 4
♥ ஜே 5
♦ கே 8 6 3
♣ கியூ 7 5 2

எதை இறக்குவீர்கள்? சீட்டின் பெயரோடு காரணமும் வேண்டும். முழு டீலை கடைசியில் போடுகிறேன். "நீளமான சூட்டில் மேலிருந்து நாலாவது" என்ற ஒரே வரி பதில் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

---

நாலாம்சீட்டு எழுதியது:

ஒரே வரி வேண்டாம் என்றாலும் என் ஓட்டு ♦3க்குத்தான்.

3 நோட்ரம்பைக் கவிழ்க்க அஞ்சு பிடி வேண்டும். கிளாவரைவிட டைமண்டில் தொடங்குவது மேல். குயினுக்குக் கீழிருந்து ஆடினால் பார்ட்னர் இரண்டு ஹானர் (பெரிய சீட்டு) கொண்டுவர வேண்டும். கிங்குக்குக் கீழிருந்து ஆடினால் பார்ட்னரிடம் ♦கியூ மட்டும் இருந்தாலே ஏதோ ஒன்று நடக்கும். ♠10 இறக்கினால் டிக்ளேரருக்கு (கான்ட்ராக்டை ஆடும் தெற்கு) இஸ்பேட் குயின், ஜாக் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டுவது போல ஆகிவிடும். பார்ட்னர் வாயே திறக்காதபோது அவருடைய சூட்டை நான் ஏன் ஊகிக்க வேண்டும்?

---

சிம்பைத்தியம் எழுதியது:

பார்ட்னர் வாய் திறக்க அவருக்கு இடமே கிடைக்கவில்லை. தெற்கு திறந்தார், மேற்கு பாஸ், வடக்கு 3 நோட்ரம்ப். கிழக்கிடம் அஞ்சு இஸ்பேடும் 8 பாயிண்டும் இருந்தாலும் அந்த உயரத்தில் என்ன சொல்வார்? ஆகவே அவருடைய மௌனத்துக்கு இங்கே பொருள் இல்லை.

முதலில் பாயிண்டை எண்ணுங்கள். எதிராளிகளிடம் பெரும்பாலும் 25–27 இருக்கும். நம்மிடம் 6. பார்ட்னருக்கு மிஞ்சுவது 7–9. அதாவது நம் தரப்பில் பலமான கை அவருடையது. இதே ஏலத்தில் நம்மிடம் 12 இருந்தால் பார்ட்னரிடம் ஒன்றிரண்டுதான்; அப்போது அவருடைய சூட்டைத் தேடிப் போவது வீண், கைக்குச் சேதம் வராத லீட்டாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நீளம். வடக்கு ஸ்டேமன் கேட்கவில்லை, ஆகவே அவரிடம் நாலு இஸ்பேடோ நாலு ஹார்ட்டோ பெரும்பாலும் கிடையாது (4-3-3-3 கையில் கேட்காமல் விடுபவர்கள் உண்டு, அது சிறுபான்மை). இஸ்பேடில் நம்மிடம் 3. மிச்சம் 10. டம்மிக்கு (மேசையில் திறந்து வைக்கப்படும் வடக்கின் கை) 3 என்று தாராளமாகவே கொடுத்தாலும் 7 மீதி. 1 நோட்ரம்ப் திறந்த கையில் சராசரியாக மூன்று சொச்சம் இருக்கும். பார்ட்னருக்கு நாலு தேறும், அஞ்சும் இருக்கலாம்.

டைமண்டில் அதே கணக்கு: நம்மிடம் 4, மிச்சம் 9. மேஜர் இல்லாத டம்மியின் நீளம் மைனரில்தான் (டைமண்ட், கிளாவர்) உட்கார்ந்திருக்கும். டம்மிக்கு 4, டிக்ளேரருக்கு 3 போனால் பார்ட்னரிடம் 2. அந்த இரண்டில் ஒன்று குயினாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிங்கின் காலடியிலிருந்து ஆடுகிறீர்கள். என் லீட் ♠10.

---

துருப்பெண்ணி எழுதியது:

உங்கள் கணக்கின்படி ஹார்ட்டில் பார்ட்னர் இன்னும் நீளம் அல்லவா? நம்மிடம் 2 மட்டும். மிச்சம் 11, டம்மிக்கு 3 போனாலும் 8. பார்ட்னருக்கு நாலரை வருகிறது. அப்படியானால் ♥ஜே ஏன் இல்லை?

---

சிம்பைத்தியம் எழுதியது:

நல்ல கேள்வி. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஹார்ட்தான். அதைத் தள்ளிவைக்க இரண்டு காரணம்.

ஒன்று, ஜே 5இல் ஜேயை எறிந்தால் அது பல சமயம் ஒரு பிடியையே கொடுத்துவிடும். டிக்ளேரரிடம் ஏ 10 சின்னது, டம்மியில் கே 9 சின்னது, பார்ட்னரிடம் கியூவோடு நாலைந்து என்றால் பார்ட்னரின் குயின் பட்டென்று பிடிபடும்.

இரண்டு, தொடர்பு. டிக்ளேரர் ஒருமுறை பிடியை விட்டுக்கொடுத்துப் பிடித்தாரானால், ஹார்ட்டில் நமக்குத் திருப்பி ஆட மூன்றாவது சீட்டு இருக்காது. இஸ்பேடில் இருக்கும். ♦கே போல ஒரு நுழைவு நம் கையில் இருக்கும்போது அந்த மூன்றாவது சீட்டுக்குத்தான் விலை. 10 9 என்ற ஜோடி போனஸ்: டம்மியின் ஜேயையோ 8ஐயோ அழுத்தும்.

---

பழையவிஸ்ட் எழுதியது:

ஏலத்தை இன்னும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள், லீட் எப்படி நகர்கிறது என்பது தெரியும்.

1நோட்ரம்ப் – 2♣ – 2♥ – 3நோட்ரம்ப்: டம்மி ஹார்ட்டை உயர்த்தவில்லை, ஆகவே அவர் தேடியது இஸ்பேட். டம்மியில் நாலு இஸ்பேட், டிக்ளேரரிடம் நாலு ஹார்ட். இதே கையில் ♠10 அழகு இழந்துவிடும். நானும் ♦3க்கு வருவேன்.

1நோட்ரம்ப் – 2நோட்ரம்ப் – 3நோட்ரம்ப்: தட்டுத்தடுமாறி வந்த கேம். அவர்களிடம் 25 இருந்தால் பெரிது. இங்கே நாம் எதையும் தானமாகக் கொடுக்காவிட்டாலே போதும், கான்ட்ராக்ட் தானே விழ வாய்ப்பு அதிகம்.

1நோட்ரம்ப் – 2♦ (ஹார்ட்டைக் காட்டும் டிரான்ஸ்ஃபர்) – 2♥ – 3நோட்ரம்ப்: பார்ட்னருக்கு 2♦ஐ டபுள் செய்து டைமண்ட் லீட் கேட்க இடம் இருந்தது, செய்யவில்லை. டைமண்டில் நல்ல அஞ்சு சீட்டு அவரிடம் இல்லை என்று அர்த்தம். இந்த மௌனத்துக்குப் பொருள் உண்டு. ஏஸ் கேட்கும் 4நோட்ரம்ப்புக்கு வந்த 5♦ பதிலை டபுள் செய்யாமல் விட்டாலும் அதே செய்திதான். லீட் யோசிக்கும்போது பலரும் சொன்ன பிட்களை மட்டும் பார்க்கிறார்கள். சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லாததை விட்டுவிடுகிறார்கள்.

---

நாலாம்சீட்டு எழுதியது:

மேற்கோள்: "டிக்ளேரருக்கு 3 போனால் பார்ட்னரிடம் 2"

ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பேர்ஸ் விளையாட்டில் (ஜோடிகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது) இதைச் செய்வீர்களா? அங்கே ஒவ்வொரு ஓவர்ட்ரிக்கும் (தேவைக்கு மேல் எடுக்கும் பிடி) காசு.

---

சிம்பைத்தியம் எழுதியது:

பேர்ஸில் இன்னும் உறுதியாக ♠10தான், ஏனென்றால் கிங்குக்குக் கீழிருந்து ஆடுவதால் போகும் பிடி அங்கே நேராக வலிக்கும். டீம் மேட்சில் கணக்கே வேறு. வல்னரபிள் 3 நோட்ரம்ப் நின்றால் அவர்களுக்கு 600. ஒன்று கவிழ்ந்தால் நமக்கு 100. வித்தியாசம் 700, அதாவது 12 இம்ப் (டீம் மேட்சின் மதிப்பெண் அலகு). ஒரு ஓவர்ட்ரிக் 30, அதாவது 1 இம்ப். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற விலையில் ஓவர்ட்ரிக்கை மறந்துவிட்டுக் கவிழ்க்கும் வழியை மட்டும் தேடலாம். வல்னரபிள் இல்லாவிட்டாலும் 400ம் 50ம் சேர்ந்து 450, 10 இம்ப். மனநிலை மாற வேண்டியதில்லை.

நம்பாதவர்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். டேவிட் பேர்டும் டாஃப் ஆந்தியாஸும் இப்படித்தான் ஒரே கையையும் ஏலத்தையும் வைத்து ஆயிரக்கணக்கான டீல்களைக் கணினியில் போட்டுப் பார்த்து, நோட்ரம்ப் கேமுக்கு எதிராக மைனரைவிட மேஜர் லீட்டுக்கு அழுத்தமான ஆதரவு காட்டினார்கள். செய்முறை சிக்கலில்லை:

மேற்கின் 13 சீட்டை நிலையாக வையுங்கள். தெற்குக்கு 15–17, சமநிலைக் கை. வடக்குக்கு 10–15, அஞ்சு மேஜர் கிடையாது, 4-3-3-3 தவிர நாலு மேஜரும் கிடையாது. அஞ்சு மைனர் இருந்தால் 9ம் சரி. கிழக்குக்குக் கட்டுப்பாடு வைக்காதீர்கள். 1,000 டீல் உருவாக்கி, ஒவ்வொன்றையும் டபுள்-டம்மி தீர்வியிடம் (எல்லாச் சீட்டும் தெரிந்து ஆடும் நிரல்) கொடுத்து, ஒவ்வொரு லீட்டுக்கும் எத்தனை டீலில் கவிழ்ந்தது என்று எண்ணுங்கள். 1,000 டீலில் 30 சதவீதம் என்று வந்தால் அதன் திட்டப்பிழையே (standard error) ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். அரை சதவீத வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

---

பழையவிஸ்ட் எழுதியது:

அந்தக் கணினி எண்களுக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டபுள்-டம்மி என்றால் 52 சீட்டும் திறந்திருக்கிறது. டிக்ளேரர் குயினை ஒருபோதும் தவறவிடமாட்டார். நிஜ மேசையில் அவர் ஊகிக்க வேண்டிய இடத்தில் நம் லீட் அந்த ஊகத்தைத் தீர்த்துக்கொடுத்தால் அது நஷ்டம். ஆனால் கணினியில் அந்த நஷ்டம் தெரியாது, ஏனென்றால் அங்கே அவர் எப்படியும் சரியாகத்தான் ஆடியிருப்பார்.

இதனால் துருப்பு லீட்டெல்லாம் கணினியில் கொஞ்சம் அழகாகத் தெரியும். பார்ட்னரின் துருப்பு கியூ சின்னது சின்னதை நாமே காட்டிக்கொடுத்த குற்றம் அங்கே பதிவாகாது. மறுபக்கம், டிக்ளேரரைக் குழப்பும் லீட்டுகளுக்குக் கணினி மதிப்பே கொடுக்காது.

---

வடமேசை எழுதியது:

இதையெல்லாம் படித்தால் நாலாவது சீட்டு லீட்டையே தூக்கிப்போட வேண்டுமா என்று தோன்றுகிறது. 11 விதி என்று ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அது எதற்கு?

---

நாலாம்சீட்டு எழுதியது:

தூக்கிப்போட வேண்டாம். அஞ்சு சீட்டில் நல்ல சூட், பக்கத்தில் ஒரு நுழைவு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நாலாவதை இறக்குங்கள். அந்த லீட்டின் லாபம் நம் கையில் இல்லை, பார்ட்னரின் கணக்கில் இருக்கிறது.

11 விதி விஸ்ட் (பிரிட்ஜுக்கு முந்திய சீட்டாட்டம்) காலத்துச் சரக்கு. லீட் ஆன சீட்டின் எண்ணை 11இலிருந்து கழித்தால், அதைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து எத்தனை என்று வரும். பார்ட்னர் 7 இறக்குகிறார் என்று வையுங்கள்.

டம்மி: ஜே 8 3
நீங்கள்: ஏ 10 4

11 – 7 = 4. டம்மியில் ஜே, 8 இரண்டு. உங்களிடம் ஏ, 10 இரண்டு. நாலும் வந்துவிட்டது. டிக்ளேரரிடம் 7ஐவிடப் பெரிய சீட்டு ஒன்றுகூடக் கிடையாது. டம்மி 3 போட்டால் நீங்கள் 10 போட்டாலே பிடி உங்களுடையது. பதறி ஏஸை அடிக்க வேண்டியதில்லை. பார்ட்னரிடம் கே கியூ 9 7 இருந்திருக்கிறது.

திருப்பி ஆடும்போது ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் மூன்று சீட்டு இருந்தால் மிச்சம் இரண்டில் பெரியது, நாலோ அதற்கு மேலோ இருந்தால் ஆரம்பக் கையின் நாலாவது. இதை மீறினால் பார்ட்னரின் எண்ணிக்கை கெடும், பழி அவர்மேல் விழும்.

துருப்பு கான்ட்ராக்டில் பலர் மூன்றாவது–ஐந்தாவது என்று ஆடுகிறார்கள்: இரட்டை எண்ணிக்கையில் மூன்றாவது, ஒற்றையில் கடைசி. அங்கே மூன்றாவது சீட்டுக்கு 12இலிருந்தும் ஐந்தாவதற்கு 10இலிருந்தும் கழிக்க வேண்டும்.

---

துருப்பெண்ணி எழுதியது:

துருப்பு கான்ட்ராக்ட் பேச்சு வந்ததால் இதையும் எடுத்துக்கொள்வோம். இங்கே நடக்கிற தவறுகளில் பாதி ஒற்றைச் சீட்டு லீட்டில்தான். ஏலம் 1♠ – 3♠ – 4♠.

முதல் கை:
♠ ஏ 7 3
♥ 6
♦ கியூ 10 8 4 2
♣ ஜே 9 5 3

♥6, யோசிக்கவே வேண்டாம். ♠ஏ முதல் சுற்றிலேயே பிடிக்கும். அதாவது துருப்பை முழுக்க இழுத்து முடிக்கும் முன் நாம் ஒருமுறை கைக்கு வருகிறோம். வெட்ட 7ம் 3ம் சும்மா கிடக்கின்றன. நம்மிடம் 7 பாயிண்ட்தான், ஆகவே பார்ட்னரிடம் எட்டையொட்டி இருக்கும். அவரை உள்ளே கொண்டுவர ஒரு சீட்டு அவரிடம் இருப்பது நடக்கக்கூடியது. ♠ஏ பிடித்ததும் எந்த சூட்டில் அவரைத் தொடுவது என்பதற்கு அவர் ♥ போட்ட சீட்டின் உயரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது கை:
♠ ஏ 8 6 3
♥ 6
♦ கே கியூ 9 7 2
♣ 9 5 3

அதே ஒற்றை ஆட்டின் (ஹார்ட்), அதே ஏலம். ஆனால் இங்கே ♦கே. நாலு துருப்பு நம்மிடம் இருக்கும்போது வெட்டுவது நம் வேலை இல்லை, டிக்ளேரரை வெட்டவைப்பது வேலை. அவரிடம் அஞ்சு துருப்பு என்றால், டைமண்டை இரண்டுமுறை வெட்டினால் அவருக்கு மூன்று, நமக்கு நாலு. ♠ஏவைக் கையில் பிடித்து வைத்திருந்தால் துருப்பு ஆட்சி நம்மிடம் வந்துவிடும். ♥6 இறக்கி ஒரு வெட்டு வாங்கினால் இந்த நாலாவது துருப்பை நாமே தொலைக்கிறோம்.

கியூ ஜே 10 மாதிரி எப்படியும் பிடி எடுக்கும் துருப்பு இருந்தாலும் ஒற்றைச் சீட்டு லீட்டில் லாபமில்லை. எப்படியும் எடுக்கப்போகிற பிடியை முன்கூட்டியே எடுத்ததாகத்தான் ஆகும்.

---

வடமேசை எழுதியது:

எப்போது துருப்பையே லீட் செய்வது?

---

துருப்பெண்ணி எழுதியது:

ஏலம் 1♠ – 1நோட்ரம்ப் – 2♥ – பாஸ். கை:

♠ கே ஜே 10 8
♥ 9 6 2
♦ ஏ 7 4
♣ ஜே 8 3

டம்மி இஸ்பேடைவிட ஆட்டினை விரும்பியிருக்கிறார், அதாவது இஸ்பேடில் ஒல்லி. டிக்ளேரரின் திட்டம் இஸ்பேடை டம்மியில் வெட்டுவது. நம்முடைய இஸ்பேட் பலம் முழுக்க அந்த வெட்டால்தான் சாகப்போகிறது. ♥2 இறக்குங்கள். கைக்கு வரும்போதெல்லாம் மறுபடியும் ஆட்டின். ஒவ்வொரு சுற்றும் டம்மியிலிருந்து ஒரு வெட்டைப் பிடுங்குகிறது.

நம்முடைய டேக்அவுட் டபுளை (உன் சூட்டைச் சொல் என்று கேட்கும் டபுள்) பார்ட்னர் பாஸ் செய்து தண்டனையாக மாற்றினாலும் துருப்பு. எதிராளிகள் பலமில்லாமல் தியாக பிட்டாக மேலே போயிருந்தாலும் பெரும்பாலும் துருப்பு, ஏனென்றால் அவர்களுக்குப் பிடி வரும் ஒரே வழி வெட்டு.

ஒற்றைத் துருப்பைமட்டும் இறக்காதீர்கள். பார்ட்னரின் ஜே சின்னது சின்னது சின்னதை ஊகம் இல்லாமல் டிக்ளேரர் கையில் கொடுக்கும் செயல் அது.

---

மேற்குக்கை எழுதியது:

ஏஸ் லீட் பற்றியும் ஒருவரி சொல்லுங்கள். துருப்பு கான்ட்ராக்டில் கிங் துணையில்லாத ஏஸ்.

---

பழையவிஸ்ட் எழுதியது:

ஏஸை எறிந்தால் கீழே விழுவது மூன்று பொடிச் சீட்டு. எதிராளியின் கிங்கோ குயினோ விழுவதற்காகக் காத்திருக்க வேண்டிய சீட்டு அது. ஆனால் ஏஸுக்குக் கீழிருந்து சின்னதை ஆடுவது அதைவிட மோசம். டம்மியிலோ டிக்ளேரரிடமோ ஒற்றைக் கிங் இருந்தால் ஏஸ் வெட்டுப்பட்டுப் போகும், தவிர பார்ட்னருக்கு ஏஸ் அங்கே இருக்கும் என்று கனவிலும் தோன்றாது. ஆகவே துருப்பு கான்ட்ராக்டில் அந்த சூட்டைத் தொட்டே ஆகவேண்டுமானால் ஏஸைத் தொடுங்கள், இல்லாவிட்டால் சூட்டையே விடுங்கள். பார்ட்னர் பிட் செய்த சூட்டில் ஏ சின்னது சின்னது இருந்தால் ஏஸ் இறக்குவதில் தவறில்லை.

ஏ கே இரண்டும் இருந்தால் எதை இறக்குவது என்பது ஜோடியின் ஒப்பந்தம். பலர் ஏஸ் இறக்கினால் "பிடித்திருக்கிறதா சொல்", கிங் இறக்கினால் "எண்ணிக்கை சொல்" என்று வைத்திருக்கிறார்கள். அஞ்சாம் படி ஏலத்திலிருந்து மேலே கிங்கை வழக்கமாக்குகிறார்கள். சிட்னி ருஸினோவின் முறையில் தொட்டுத் தொட்டு நிற்கும் ஹானர்களில் இரண்டாவதை இறக்குவார்கள்: ஏ கே இல் கே, கே கியூ இல் கியூ. எந்த முறையானாலும் சரி, இருவரும் ஒரே முறையில் இருக்க வேண்டும். கே இறக்கும்போது அது ஏ கே யா, கே கியூ வா என்று பார்ட்னர் குழம்பினால் லீட் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

---

சிம்பைத்தியம் எழுதியது:

ஸ்லாம் (12 பிடி என்றால் சின்னது, 13 என்றால் கிராண்ட்) பக்கம் சுருக்கமாக. 6 நோட்ரம்ப்புக்கு எதிராகப் பொதுவாகச் சேதமில்லாத லீட். அவர்களிடம் 33 பாயிண்ட் இருக்கும்போது கிங்குக்குக் கீழிருந்து ஆடிப் பார்ட்னரிடம் குயினைத் தேடுவது அதிகப் பேராசை. துருப்பு சின்ன ஸ்லாமில் டம்மி ஒரு நீளமான பக்கச் சூட்டைக் காட்டியிருந்தால் நிலைமை மாறும்: அந்தச் சூட்டில் டிக்ளேரர் நம் சூட்டைக் கழிக்கும் முன் ஒரு பிடியை எழுப்ப வேண்டும், ஆகவே கிங்கிலிருந்தோ குயினிலிருந்தோ ஆடுவது அங்கே நியாயம். கிராண்ட் ஸ்லாமில் பத்திரமே குறி.

ஸ்லாமைப் பார்ட்னர் தானாக டபுள் செய்தால் அது தியோடோர் லைட்னரின் டபுள், 1929இல் வந்தது: "வழக்கமான லீட்டை இறக்காதே." துருப்பு லீட் கூடாது, நாம் பிட் செய்த சூட்டும் கூடாது. பார்ட்னரிடம் எங்கோ ஒரு சூட்டில் சீட்டே இல்லை என்று பார்த்து அதைத் தேட வேண்டும். டம்மி முதலில் சொன்ன பக்கச் சூட் முதல் சந்தேகம், நம் கையில் மிக நீளமான சூட் அடுத்த சந்தேகம்.

---

டைரக்டர்மேசை எழுதியது:

இடையில் ஒரு நடைமுறை விஷயம். லீட் சீட்டை முதலில் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், விதி 41. கவிழ்ந்திருக்கும்போது பார்ட்னர் ஏலத்தைத் திரும்பக் கேட்கலாம், விளக்கம் கேட்கலாம். தன் முறை இல்லாதபோது லீட் செய்திருந்தால் டைரக்டர் (போட்டி நடுவர்) சொல்லி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

திறந்து வைத்துவிட்டு "ஐயோ, என் லீட் இல்லை" என்றால் விதி 54. டிக்ளேரர் அதை ஏற்றுத் தானே டம்மியாகலாம்; ஏற்று டம்மியை இறக்கச் சொல்லலாம்; மறுத்துவிட்டால் அந்தச் சீட்டு மேசையில் தண்டனைச் சீட்டாகக் கிடக்கும், சரியான லீட்டரை அந்தச் சூட்டை ஆடச் சொல்லவோ ஆடக்கூடாது என்று சொல்லவோ அவருக்கு உரிமை வரும். கேள்வி கேட்பதும் லீட்டுக்கு முன் உங்கள் முறையில்தான். பார்ட்னர் லீட்டை வைக்கும் முன் கேள்வி கேட்டு அவருக்குச் சாடை காட்டாதீர்கள்.

---

மேற்குக்கை எழுதியது:

சரி, முழு டீல்:

வடக்கு
♠ ஜே 6
♥ கே 8 3
♦ ஜே 10 9 7 5
♣ ஏ ஜே 8

மேற்கு
♠ 10 9 4
♥ ஜே 5
♦ கே 8 6 3
♣ கியூ 7 5 2

கிழக்கு
♠ ஏ கியூ 8 7 2
♥ கியூ 10 9 6
♦ 2
♣ 10 9 6

தெற்கு
♠ கே 5 3
♥ ஏ 7 4 2
♦ ஏ கியூ 4
♣ கே 4 3

♦3 இறக்கினால் டம்மியின் 9 நின்றுவிடும். அடுத்து ♦ஜே ஆடி குயினை மேற்கின் கிங்குக்கு விட்டுக்கொடுத்தால் டைமண்டில் நாலு பிடி தயார். மேற்கு அப்போது இஸ்பேடுக்கு மாறினாலும் தாமதம்: ♠கே ஒன்று, ♥ இரண்டு, ♣ இரண்டு, ♦ நாலு. ஒன்பது. ♣2க்கும் ♥ஜேக்கும் அதே ஒன்பதுதான். ♠10 மட்டும் கவிழ்க்கிறது.

---

நாலாம்சீட்டு எழுதியது:

ஒரு டீலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கிழக்கின் பலம் டைமண்டில் ஏ கியூ 10 2 என்று இருந்தால் ♦3 நாலு பிடியை அங்கேயே எடுத்துக்கொடுக்கும், ♠10காரர்கள் தலையில் கைவைப்பார்கள்.

---

சிம்பைத்தியம் எழுதியது:

உண்மை. அதனால்தான் ஆயிரம் டீல் என்றேன். மேஜர் கேட்காத டம்மிக்கு எதிரே பார்ட்னரிடம் நாலு டைமண்ட் எத்தனை முறை வருகிறது, நாலைந்து இஸ்பேட் எத்தனை முறை வருகிறது என்று நீங்களே எண்ணுங்கள்.

---

வடமேசை எழுதியது:

♠10 இறக்கினால் மட்டும் தானாக விழுமா? ♠10, டம்மியின் ஜே, கிழக்கின் கியூ, தெற்கு விட்டுக்கொடுத்து 3 போடுகிறார். இப்போது கிழக்கு என்ன ஆடுவது? ஏஸ்தானே கைக்கு வருகிறது?

---

பழையவிஸ்ட் எழுதியது:

ஏஸ் அடித்தால் கான்ட்ராக்ட் நிற்கும். ஏஸ் அடித்து மூன்றாவது சுற்றும் ஆடினால் தெற்கின் கிங் அதைப் பிடிக்கும், மேற்கிடம் இஸ்பேடே மிஞ்சாது. பிறகு ♦கே பிடித்தாலும் கிழக்கின் கைக்குப் போக வழியில்லை. மூன்றாவது சுற்றை ஆடாமல் வைத்தாலும் மேற்கின் ♠4 தெற்கின் கிங்கில்தான் போய் விழும், அதற்குள் ஒன்பது பிடி தயார்.

கிழக்கு ஆட வேண்டியது 7, ஆரம்பக் கையின் நாலாவது. தெற்கு கிங்கால் பிடித்தால் மேற்கிடம் ♠4 பத்திரமாக இருக்கிறது. டைமண்டைத் தொடாமல் தெற்குக்கு ஒன்பது கிடையாது: ♠கே, ♥ இரண்டு, ♦ஏ, கிளாவர் குயின் மேற்கிடம் இருப்பதால் ♣ மூன்று, மொத்தம் ஏழு. டைமண்டைத் தொட்டால் மேற்கு கிங்கால் பிடித்து 4ஐ ஆடுவார்: ஏ, 8, 2. ஏற்கனவே எடுத்த கியூவோடும் ♦கேயோடும் சேர்த்து அஞ்சு. தெற்கு 7ஐயும் விட்டுக்கொடுத்தால் மேற்கின் 9 நிற்கும், அடுத்த 4இல் கிழக்கின் ஏஸ் தெற்கின் தனிக் கிங்கைச் சாய்த்துவிடும், இஸ்பேடிலேயே அஞ்சு.

♥ஜே ஏன் இல்லை என்று துருப்பெண்ணி கேட்டதற்கு விடை அந்த ♠4தான்: ♥ஜே 5இல் இந்த மூன்றாவது சீட்டுக்கு எங்கே போவது?